ஆரோக்கியசாலி எண் ஏழு

மூடியை அழுத்திச் சாத்தி, திரையில் இருந்த பச்சைப் பொத்தானைத் தொட்ட பிறகு அகிலாண்டத்துக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் நாற்பது நிமிஷம் என்று இயந்திரம் சொன்னது. மதியம் இரண்டேகால். மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடி பெஞ்சுக்குப் போயிருப்பாள். இருபத்து நாலு வருஷமாக எத்தனையோ ஆயிரம் தட்டுகளை இந்த மாதிரிப் பெட்டிகளுக்குள் வைத்துவிட்டு ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் சாப்பிடப் போனவள்தான். இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு எதிரே உட்கார்ந்து யாராவது அதையே முறைத்துக்கொண்டிருப்பார்களா? இன்றைக்கு அவள் முறைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே தொண்ணூற்றாறு குழி, குழிக்கு ஒரு சொட்டு, அதில் ஆறு குழியில் இருப்பது அவளுடைய ரத்தத்திலிருந்து வந்தது. இடது பக்கம் மூன்று, வலது பக்கம் மூன்று. திரையில் இடது மூன்றுக்கும் கோடு எழுந்து, வலது மூன்றும் படுத்தே கிடந்தால் அவளுடைய ஈரலில் என்னவோ ஆரம்பித்திருக்கிறது. இடமும் வலமும் சேர்ந்தே எழுந்தால் அவள் வேலையில் தப்புப் பண்ணியிருக்கிறாள், போன வாரம் செய்த அத்தனையையும் திரும்ப ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும், வெட்கக்கேடு. தப்புப் பண்ணியிருக்க வேண்டும், அம்மா தாயே, நான் தப்புத்தான் பண்ணியிருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். ஒரு தடவை கைபிசகினால் இரண்டு நாள் முகம் சுண்டிப்போய்த் திரிகிற அகிலாண்டத்தின் வாயிலிருந்து இப்படி ஒரு வேண்டுதல் வந்ததைக் கேட்டு சாமிக்கே சிரிப்பு வந்திருக்கும். அவளுக்கு வரவில்லை.

விஷயம் இதுதான். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்த அந்த ஆராய்ச்சிக்கூடத்தில், ஈரல் புற்றுநோய் வந்தவர்களின் ரத்தத்தை வாங்கி அதில் ஒரு குறிப்பிட்ட ஆர்.என்.ஏ. எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்ப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். பேச்சில் அவர்களுக்குக் கன்ட்ரோல் என்று பெயர், பதிவேட்டில் ‘ஆரோக்கியமானவர்’. நோயாளிகளைப் பிடிப்பதைவிட இவர்களைப் பிடிப்பது கஷ்டம். ஆஸ்பத்திரிக்கு எவன் ஆரோக்கியமாக வருவான்? அதனால் கூடத்தில் வேலை பார்க்கிறவர்களே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு குழாய் கொடுத்துவிடுவது வழக்கம். குழாயின் மேல் பெயர் இருக்காது, எண் மட்டுந்தான். எந்த எண் யார் என்பது பதிவேட்டைப் பூட்டி வைத்திருக்கும் அகிலாண்டத்துக்கு மட்டும் தெரியும். ஏழு என்பது அவளே. வெளியாட்களாக இருந்தால் ஈரலைக் கெடுக்கிற ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருக்கிறதா என்று முதலில் ஒரு சோதனைக் கார்டு வைத்துப் பார்ப்பார்கள். கூடத்து ஆட்களுக்கு அந்தச் சடங்கு கிடையாது. எல்லோரும் தடுப்பூசி போட்டவர்கள், நம்ம வீட்டு ஆட்கள், எதற்கு வீணாக ஒரு கார்டு? அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று டிக் போட்டதும் அவள் கைதான். நேற்று மதியம் திரையில் பன்னிரண்டு ஆரோக்கியமானவர்களில் பதினொரு பேருடைய கோடு தரையோடு தரையாகக் கிடக்க, ஏழாம் எண் மட்டும் நோயாளிகளோடு சேர்ந்துகொண்டு இருபத்திரண்டாவது சுற்றிலேயே விருட்டென்று எழுந்து நின்றது. அடுத்த அறையில் இருக்கும் நூருன்னிசா, ஈரல் டாக்டர், அகிலாண்டத்துக்குப் பத்து வருஷத்துச் சிநேகிதி, குனிந்து பார்த்துவிட்டு, “யாரு இந்த ஏழு? அந்த ஆளக் கூப்ட்டு முதல்ல ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லு அகிலா” என்றாள். சொல்கிறேன் என்று அகிலாண்டம் பதில் சொன்னாள். சொன்ன குரல் யாருடையது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பிடிமானமாக ஒன்று கிடைத்தது. செல்லுக்குள் பூட்டி வைத்திருக்கிற மூலப்புத்தகம் டி.என்.ஏ.; அதிலிருந்து வேண்டிய பக்கத்தை மட்டும் நகலெடுத்து வெளியே அனுப்புகிற கடிதம் ஆர்.என்.ஏ. புத்தகம் எல்லோரிடமும் இருக்கிறது, எல்லாப் பக்கங்களோடும் இருக்கிறது. அதைப் பார்த்து ஆளைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. கடிதம் எழுதப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. ரத்தத்திலிருந்து கடிதங்களைப் பிரித்தெடுக்கும்போது புத்தகத்தின் துணுக்குகளும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், அதை அரித்துத் தின்ன ஒரு நொதியைப் போட வேண்டும், போட மறந்தால் இயந்திரம் துணுக்கைக் கடிதம் என்று நினைத்துக் கோடு கிழித்துவிடும். ஏழாம் எண்ணுக்கு அந்த நொதியைப் போட்டேனா? அவளுக்கு நினைவில்லை. இந்தப் பெட்டிக்குக் கடிதத்தை நேராகப் படிக்கத் தெரியாது, வேறொரு நொதி அதை டி.என்.ஏ.வாக மாற்றிக்கொடுத்தால்தான் படிக்கும். அதனால் இன்றைக்கு இடது மூன்று குழியில் மாற்றும் நொதியோடும், வலது மூன்றில் அது இல்லாமலும் வைத்திருந்தாள். அது இல்லாமலே கோடு எழுந்தால் நேற்றுப் பார்த்தது கடிதம் இல்லை, துணுக்கு. அவ்வளவுதான், சின்னப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு. திரையின் மூலையில் சுற்று மூன்று என்று விழுந்தது. ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல், ஒவ்வொரு சுற்றிலும் இருப்பது இரட்டிக்கும், இரட்டித்து இரட்டித்துக் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமாகும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். வலது விலாவுக்குக் கீழே ஏதோ இழுத்த மாதிரி இருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். ஈரல் வலிக்காது என்று நூருன்னிசா நோயாளிகளிடம் நூறு தடவை சொல்லிக் கேட்டிருக்கிறாள், ஈரல் பொறுமைசாலி, முக்கால்வாசி போகும் வரை வாயைத் திறக்காது. அப்படியானால் இழுத்தது புடவைக் கட்டாக இருக்கும். வேண்டாம்டா ஜம்பு என்று தம்பியிடம் தான் எப்போதோ சொன்னது எதற்கு இப்போது காதுக்குள் வருகிறது? அதை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் திரையைப் பார்த்தாள். சுற்று நாலு.

அந்த ஆர்.என்.ஏ.வை முதன்முதலில் படித்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு வைத்திருந்த பெயரே எச்-பத்தொன்பது என்று பஸ் நம்பர் மாதிரி இருந்தது. நீளம் இரண்டாயிரத்து முந்நூறு எழுத்து. ஆனால் அதில் ஒரு வார்த்தைகூடப் புரதமாக மாறுவதில்லை. கடிதம் என்றால் அதைப் படித்து யாராவது எதையாவது செய்ய வேண்டாமா? இதை யாரும் படிப்பதில்லை, படிக்காமலே வேலை நடக்கிறது. புரதத்துக்கான சேதி நம் புத்தகத்தில் நூற்றுக்கு இரண்டு பக்கம்கூடத் தேறாது, மிச்சத்தையெல்லாம் குப்பை என்று ஒரு காலத்தில் எழுதி வைத்துவிட்டார்கள், பெரிய பெரிய ஆட்களே எழுதினார்கள். குப்பையை எதற்கு இந்த உடம்பு இவ்வளவு மெனக்கெட்டு நகலெடுத்துக்கொண்டே இருக்கிறது என்று யாரோ நாலு பேர் தலையைச் சொறிந்தபோதுதான் இந்த நீள நீளமான ஊமைக் கடிதங்கள் அகப்பட்டன. ஊமையா? எங்கே எந்த ஜீன் வாயைத் திறக்கலாம், எது மூடிக்கொள்ள வேண்டும், யாரை யாரோடு சேர்க்க வேண்டும், வேண்டாத சின்ன ஆர்.என்.ஏ.க்களைப் பிடித்து எப்படி மடக்கி வைக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வதெல்லாம் இந்த மாதிரி ஆட்களாம். அதிலும் இந்த எச்-பத்தொன்பது இருக்கிறதே, அது கருவில் ஈரல் உண்டாகும்போது விழித்துக்கொள்கிறது. பிள்ளை வயிற்றுக்குள் இருக்கும் வரை அங்கே அதன் ராஜ்ஜியம். பிள்ளை பிறந்து கொஞ்ச நாளில், என் வேலை முடிந்தது என்பது போல அடங்கிவிடுகிறது. அப்புறம் நாற்பது வருஷம், ஐம்பது வருஷம் சத்தமில்லை. சில பேருடைய ஈரலில் புற்று கட்ட ஆரம்பிக்கும்போது மட்டும் இது மறுபடி எழுந்து உட்கார்கிறது, பழைய வேலையைப் பழைய சுறுசுறுப்போடு செய்கிறது, வளர் வளர் என்கிறது, அதற்குத் தெரிந்தது அதுதான். தொட்டிலில் இருந்தபோது கேட்ட குரலை ஐம்பது வயதில் ஈரல் மறுபடி கேட்கிறது. இதை முதலில் படித்தபோது அகிலாண்டத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, நோயைப் பற்றிப் படிக்கிறோம் என்பதே மறந்துபோய், அடேயப்பா, அடேயப்பா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே எழுந்து நடந்தாள். இன்றைக்கும், அந்தக் குரல் தன் விலாவுக்குக் கீழேயே கேட்கிறதோ என்று பயந்துகொண்டிருக்கும் இந்த நேரத்திலும், சிலிர்ப்பு விடமாட்டேன் என்கிறது. பயப்படுகிறவள் ஒருத்தி, வியக்கிறவள் ஒருத்தி, இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இடித்துக்கொண்டிருக்கிறார்கள். சுற்று ஒன்பது. அப்புறம் இன்னொன்று இருக்கிறது, அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆச்சரியம். நம் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு படி, அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. இந்த எச்-பத்தொன்பதிலோ அப்பா கொடுத்த படிக்கு முத்திரை வைத்துப் பூட்டியிருக்கும். பேசுவது அம்மா கொடுத்த படி மட்டுமே.

அம்மா பேசாதவள். சௌந்தரவல்லி என்று பெயர், திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்கால் போட்டுக்கொடுக்கிற ஆபரேட்டர். அப்பா சீக்கிரமே போய்விட்டார். பள்ளிக்கூடம் விட்டு அகிலாண்டமும் தம்பி ஜம்புநாதனும் எக்ஸ்சேஞ்சு வாசலில் காத்திருப்பார்கள், சில நாள் கண்காணிப்பாளர் நல்ல மனசோடு உள்ளே விடுவார். வரிசையாகப் பெண்கள், காதில் மாட்டிய கருவி, எதிரே பலகை முழுக்கத் துளை, கையில் வால் மாதிரிக் கம்பி. அம்மா ஒரு கம்பியை இங்கே உருவி அங்கே செருகுவாள், பம்பாயில் இருக்கிற மகனும் உறையூரில் இருக்கிற அம்மாவும் பேசிக்கொள்வார்கள். செருகிவிட்டு, “லைன்ல இருக்காங்க, பேசுங்க” என்பாள். அதோடு சரி, ஒட்டுக் கேட்கமாட்டாள், அடுத்த விளக்குக்குப் போய்விடுவாள். நீ எதுவும் பேசமாட்டியாம்மா என்று அகிலாண்டம் ஒருநாள் கேட்டாள். “நான் பேசுறவ இல்லடி, பேச வைக்கிறவ” என்றாள் அம்மா. பின்னால் முப்பது வயதில் இந்த ஊமை ஆர்.என்.ஏ.க்களைப் பற்றிக் கட்டுரை கட்டுரையாகப் படித்தபோது கூடத்தில் எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள், அகிலாண்டத்துக்கு மட்டும் சட்டென்று புரிந்தது. இது எக்ஸ்சேஞ்சு. இதற்குத் தனியாகச் சேதி கிடையாது, யாரை யாரோடு சேர்ப்பது என்பதே இதன் வேலை. அம்மாவிடம் சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்தாள், சொல்வதற்குள் அம்மாவுக்கு வயிறு வீங்கத் தொடங்கிவிட்டது. ஐம்பத்தைந்து வயது. ஈரலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு இரண்டு கட்டி. பிறந்ததிலிருந்தோ எப்போதிருந்தோ உள்ளே ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியாது. ஆறு வாரத்தில் போய்விட்டாள்.

இங்கேதான் அவள் நினைவு ஒவ்வொரு தடவையும் முள்ளில் சேலை மாட்டின மாதிரி நின்றுவிடும். அந்த ஆஸ்பத்திரி வராந்தா, பினாயில் வாசனை, சுவரில் சாய்ந்து நின்ற ஜம்பு. அவனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகி ஒரு வருஷம், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், கழுத்தில் விசில் தொங்க அப்படியே ஓடி வந்திருந்தான். இது தாயிடமிருந்து பிறக்கும்போதே பிள்ளைகளுக்கு வரக்கூடியது, நீங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். பார்க்கணுமாக்கா, நீதான் அந்த ஃபீல்டுல இருக்கே என்று ஜம்பு அவள் முகத்தைப் பார்த்தான். “வேண்டாம்டா ஜம்பு. நான் எப்பவோ பாத்துட்டேன். எனக்கு இல்ல. எனக்கே இல்லன்னா உனக்கு எங்கேர்ந்து வரும்” என்று அவள் சொன்னாள். அவள் பார்க்கவே இல்லை. ஏன் அப்படிச் சொன்னாள் என்று பதினேழு வருஷமாகத் தனக்குத் தானே கேட்டுப் பார்க்கிறாள். அம்மாவை அந்த நிலையில் பார்த்தவனுக்கு இன்னொரு பயம் எதற்கு என்று ஒரு காரணம். தான் பார்க்கப் பயந்ததை அவன் பார்த்து, அவனுக்கு இருந்துவிட்டால் தானும் பார்க்க வேண்டி வருமே என்பது இன்னொரு காரணம், உண்மையான காரணம். தனக்கு இல்லையென்றால் தம்பிக்கு இருக்காது என்பது விஞ்ஞானமே இல்லை, ஒவ்வொரு பிரசவமும் தனித்தனி, கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிற பிள்ளைகளுக்கே தெரியும். கூடத்தில் தடுப்பூசி வரிசையில் நின்றபோதும் யாரும் முன்கூட்டிச் சோதிக்கவில்லை, போட்டுக்கொண்டாள். ஏற்கெனவே உள்ளே குடியிருக்கிறவனுக்கு வாசல் கதவைச் சாத்தி என்ன பயன்? இதுவும் அவளுக்குத் தெரியும். எல்லாம் தெரிந்தவள்தான். பிறத்தியாருக்கென்று அவள் வைத்துப் பார்த்த கார்டு ஆயிரத்துக்கு மேல் இருக்கும், பெட்டி அவள் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில்தான் இருக்கிறது, கையை நீட்டினால் எட்டும். கை நீளவில்லை, பதினேழு வருஷம். சுற்று பதினாறு.

கதவு திறந்தது, நூருன்னிசா. சாப்பிடவில்லையா என்று கேட்டாள், பசியில்லை என்றதும் நம்பாமல் தன் டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி தக்காளி சாதத்தை மூடியில் வைத்து நீட்டினாள். சாப்பாட்டை இந்த அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்று சட்டம் பேசுகிற அகிலாண்டம் இன்று ஒன்றும் சொல்லாமல் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டதே நூருன்னிசாவுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். ஏழாம் எண்ணிடம் சொல்லியாகிவிட்டதா என்றாள். இன்னும் இல்லை, வேலையில் பிசகாக இருக்கலாம், அதைத்தான் இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்றாள் அகிலாண்டம். பிசகோ இல்லையோ ஆளிடம் சொல்லிவிடு என்றாள் நூருன்னிசா. எத்தனையோ பேர் என்னிடம் வரும்போது எல்லாம் முடிந்துபோய் வருகிறார்கள், நாலு வருஷம் முன்னால் வந்திருந்தால் தினம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன், தொண்ணூறு வயது வரை இருந்திருப்பார்கள், பயந்துகொண்டே வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபந்தான் வருகிறது என்று படபடவென்று சொன்னாள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, “யாரு அது, உனக்கு வேண்டிய ஆளா?” என்று கேட்டாள். தெரிந்த ஆள்தான் என்றாள் அகிலாண்டம். புறநோயாளிப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள், நூருன்னிசா போய்விட்டாள். தெரிந்த ஆள். எவ்வளவு தெரியும்? நாற்பத்தொன்பது வருஷம் கூடவே இருந்தும் இந்த உடம்புக்குள் இந்த நிமிஷம் எந்த எக்ஸ்சேஞ்சில் எந்தக் கம்பி எதில் செருகப்படுகிறது என்று அவளுக்குத் தெரியாது. கோடிக்கணக்கான செல்கள், ஒவ்வொன்றிலும் அதே புத்தகம், ஒவ்வொன்றிலும் வேறு வேறு கடிதம், கண்ணில் இருக்கிற செல் ஈரலாக ஆசைப்படுவதில்லை, ஈரல் பல்லாக முயல்வதில்லை, இத்தனையும் ஒரு சத்தமில்லாமல், ஒரு நன்றி எதிர்பார்க்காமல் நடக்கிறது. கெட்டுப்போவது அதிசயமில்லை. இத்தனை நாள் கெடாமல் இருந்ததே அதிசயம் என்று தோன்றியபோது அவளுக்குக் கண் கலங்கியது. சுற்று இருபது.

இருபத்தொன்றாவது சுற்றில் நோயாளிகளின் கோடுகள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கின. ஏழாம் எண்ணின் இடது மூன்றுக்குச் சிவப்பு, வலது மூன்றுக்கு நீலம் கொடுத்திருந்தாள். இருபத்திரண்டு. திரை ஒரு நிறத்தை வரைந்து முடித்துத்தான் அடுத்ததற்குப் போகும். சிவப்பு மூன்றும் சேர்ந்தாற்போல எழுந்தன. நேற்றைய அதே இடம், அதே ஏற்றம். அவ்வளவுதான் என்று நினைத்தாள். பயம் வரும் என்று எதிர்பார்த்தாள், வந்தது பயமில்லை, ஒரு பெரிய அமைதி, அதற்கு நடுவில் ஜம்புவின் முகம், அவன் பெண் பத்தாவது படிக்கிறாள் என்பது, அவனுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்பது. நாலு விநாடி இருக்கும். அப்புறம் நீலம் எழுந்தது. மூன்று நீலமும் சிவப்பின் மேலேயே படிந்து, பிரித்துப் பார்க்க முடியாதபடி, ஒட்டிப் பிறந்த மாதிரி எழுந்தது. கடிதம் இல்லை. துணுக்கு. புத்தகம். எல்லோரிடமும் இருக்கிற புத்தகம். அகிலாண்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள், தப்பு, நான் தப்புப் பண்ணிவிட்டேன், இவ்வளவு அழகான தப்பை நான் ஜன்மத்தில் பண்ணியதில்லை. எப்படி நடந்தது என்றுகூட இப்போது நினைவு வந்தது. பன்னிரண்டு குழாயில் தன்னுடையதைக் கடைசியாக வைத்துக்கொண்டாள், எப்போதும் அப்படித்தான், எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடிச்சட்டியில் இருப்பதைத் தான் போட்டுக்கொள்கிற பழக்கம். நொதி கடைசிக் குழாய்க்குப் போதவில்லை, புதுக் குப்பியைத் திறக்க வேண்டும், சரி, நம்முடையதுதானே என்று விட்டாள். நம்முடையதுதானே. நோயாளியினுடையது என்றால் விட்டிருப்பாளா? தக்காளி சாதம் கண்ணில் பட்டது, திடீரென்று அகோரப் பசி, அந்த அறையின் எல்லாச் சட்டத்தையும் மீறி நின்றபடியே நாலு வாய் அள்ளிச் சாப்பிட்டாள்.

கையைக் கழுவிவிட்டு, ஏழாம் எண் மாதிரி சுத்தமில்லை, திரும்ப எடுக்க வேண்டும் என்று குறிப்பதற்காகப் பதிவேட்டைத் திறந்தாள். எழுதினாள். எழுதிய வரிக்கு இடது பக்கத்தில் அந்தக் கட்டம் இருந்தது, ஹெபடைட்டிஸ் பி, அதற்கு நேரே ‘இல்லை’ என்று அவளுடைய டிக். அழகான டிக், வாலை நீட்டி இழுத்திருந்தாள். இன்றைக்கு ஒரு கேள்வி கேட்டாள், அதற்கு இயந்திரம் பதில் சொல்லிவிட்டது. கேட்காத கேள்வி அங்கேயே இருந்தது. நொதி போடாமல் விட்டதும் இந்த டிக்கும் ஒரே கை செய்த ஒரே வேலை என்று அவளுக்குத் தோன்றியது, நம்முடையதுதானே. பேனாவை மூடினாள். உறைபெட்டிக்குப் போய் ஏழாம் எண் குழாயில் மிச்சமிருந்ததை எடுத்து வந்தாள். உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டாள், குளிர் எலும்பு வரை ஏறியது, கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. இரண்டாவது இழுப்பறையைத் திறந்தாள். கார்டின் உறையைக் கிழிக்கிற சத்தம் அந்த அறையில் பெரிதாகக் கேட்டது. மூன்று சொட்டு. அப்புறம் உட்கார்ந்தாள். சொட்டு காகிதத்தில் ஊறி, ஈரக்கோடு மெல்ல மேலே ஏறுவதைப் பார்த்தாள். மேல் கோடு விழுந்தது, ரோஸ் நிறம், கார்டு வேலை செய்கிறது என்று அர்த்தம். கீழே வெறும் வெள்ளை. ஐந்து நிமிஷம் வெள்ளை. எட்டு நிமிஷம். வெள்ளைதானா என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பத்தாவது நிமிஷத்தில் ஒரு நிழல் மாதிரி இருந்தது. பதினைந்தில் அது நிழலில்லை, கோடு. பிறத்தியாருக்கு ஆயிரம் தடவை படித்துச் சொன்ன கோடு, இப்போது தனக்கே படித்துச் சொல்லிக்கொள்ள வேண்டிய கோடு.

அழுகை வரவில்லை. அம்மா வந்தாள், காதில் கருவியோடு. அம்மா எனக்குக் கொடுத்தது இரண்டு என்று அகிலாண்டம் நினைத்தாள். கருவில் என் ஈரலைக் கட்டிய பேச்சும் அவள் கொடுத்த படி பேசியதுதான், இதோ இந்த வைரஸும் அவள் கொடுத்ததுதான், இரண்டையும் தெரிந்து கொடுக்கவில்லை, இரண்டையும் ஒரே உடம்பிலிருந்து கொடுத்தாள். வைரஸ் உள்ளே இருக்கிறது. அது நாற்பத்தொன்பது வருஷமாக எத்தனை கம்பியை எதில் செருகப் பார்த்ததோ தெரியாது. நேற்று கடிதம் என்று நினைத்துப் பயந்தது கடிதம் இல்லை என்பது தெரியும். சுத்தம் செய்து திரும்ப ஓட்ட வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும், நாளைக்கு நூருன்னிசாவிடம் ஏழு யார் என்று சொல்ல வேண்டும், அவள் கத்துவாள், கத்தட்டும். எல்லாம் முடிந்துபோய் வந்தவள் இல்லை, அம்மா மாதிரி இல்லை. பேனாவைத் திறந்து அந்த டிக்கை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் ‘உண்டு’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைத்தாள். இயந்திரம் வேலையை முடித்துவிட்டு இரண்டு தடவை பீப் என்றது. நாலு மணியாக ஐந்து நிமிஷம். திருச்சியில் பள்ளிக்கூடம் விடும் நேரம்.

ஜம்பு இரண்டாவது மணியில் எடுத்தான். பின்னால் பிள்ளைகள் கூச்சல், பந்து சுவரில் அடிபடுகிற சத்தம். சொல்லுக்கா என்றான். அக்கா, கேக்குதா என்றான் மறுபடி. லைன்ல இருக்காங்க, பேசுங்க. அவள் பேசினாள்.

“ஜம்பு, அம்மா போனப்ப நான் டெஸ்ட் பண்ணிட்டேன், எனக்கு இல்லன்னு உங்கிட்ட சொன்னேன்ல. அன்னிக்கு நான் பண்ணவே இல்லடா. பயந்துட்டேன். இன்னிக்குத்தான் பண்ணேன். எனக்கு இருக்கு.”

விசில் ஒன்று நீளமாகக் கேட்டது, அவன் ஊதியதில்லை, தூரத்தில் வேறு யாரோ. பிள்ளைகளின் கூச்சல் மெல்லக் குறைந்தது, அவன் மைதானத்தை விட்டுத் தள்ளி நடக்கிறான் போலிருக்கிறது. பதினேழு வருஷத்தை அவன் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பான் என்று அவள் நினைத்தாள். திட்டினால் கேட்டுக்கொள்வது என்று காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். உனக்கும் பார்க்கணும், மருந்து இருக்கு, அம்மா காலம் மாதிரி இல்ல என்று அவசர அவசரமாகச் சொன்னாள்.

“நாளைக்கே வரேங்க்கா” என்றான் ஜம்பு. அப்புறம் கேட்டான். “வெறும் வயித்துல வரணுமா?”

அகிலாண்டத்துக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வேண்டாம், சாப்பிட்டுவிட்டே வா என்று அவனிடம் சொன்னாள்.